அல்சீரா அக்கா ஜெயித்த கதை

எங்கள் பனாமாக்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் நாத்தனார் அல்சீரா ஆர்ச்சிபோல்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தை போதுமென்றால் எனக்கும் சௌகரியம்தான். நன்றாகச் சமைப்பாள். யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். இந்த இரண்டாவதைச் சங்கத்தார் நல்ல குணம் என்று நினைக்கிறார்கள். அவள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் இத்தனை வருடமாகக் குடியிருக்கும் எனக்கு அது வியாதி என்று தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

அக்கா பிறந்தது பனாமாவில், கோலோன் துறைமுகத்தில். கால்வாய் வெட்ட பார்படோஸிலிருந்து கப்பலேறி வந்து, காய்ச்சலுக்கும் வெடிமருந்துக்கும் தப்பிப் பிழைத்தவர்களின் வம்சம். ஆறாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். எங்கள் ஊரில் முதலாவதாக வருகிற பிள்ளையிடம்தான் நவம்பர் சுதந்திர தின ஊர்வலத்தில் தேசியக் கொடியைக் கொடுப்பார்கள். இரண்டாவதாக வந்தது கொடிக்குப் பக்கத்தில் நடக்கும். மற்றதெல்லாம் பின்னால் வெயிலில் மயங்கி விழும். அன்றைக்குத் தூக்கிய கொடியை அக்கா இன்னும் கீழே வைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிறகு புரூக்ளினுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் குளிப்பாட்டிப் படுக்கை மாற்றும் வேலை. கல்யாணம் செய்துகொண்டாள். சரிப்பட்டு வரவில்லை, புருஷனை ஒரு சூட்கேசோடு வெளியே அனுப்பினாள். அவர் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டதாகவும், "எனக்கு ஒண்ணும் தேவையில்லை" என்று கதவைச் சாத்தியதாகவும் என் வீட்டுக்காரர் லாய்டு சொல்வார். லாய்டு அவளுடைய தம்பி. கதவைச் சாத்தியதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். குடும்பமே அப்படித்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்கா சும்மா இருந்திருக்கலாம். தெருப்பிள்ளைகளைக் கூட்டி டிரம் பேண்டு ஆரம்பித்தாள். ஊரில் நவம்பருக்கு அடிப்பார்களே, அதே பேண்டு. வயிற்றில் கட்டித் தொங்கவிடும் பெரிய டிரம், கழுத்து வலிக்கும் சின்ன டிரம், கம்பியில் தட்டும் மணிகள். மருத்துவமனையில் யாரையும் ஒரு சுடுசொல் சொல்லாதவள், தப்பாக அடித்த பிள்ளையை "உங்கப்பன் நடக்கிற மாதிரியே அடிக்கிறியே" என்பாள். அந்தப் பிள்ளைகள் அவள் மேல் உயிரையே வைத்திருந்தன. ஒவ்வொரு அக்டோபரிலும் பிராங்க்ளின் அவென்யூவில் எங்கள் ஆட்களின் ஊர்வலம் போகும்போது, அந்த பேண்டின் சத்தம் வந்ததும் எனக்கே கால் தானாகத் தாளம் போடும். அதை நான் அவளிடம் சொன்னதில்லை.

பயிற்சி நடந்தது எங்கள் கோவிலின் நிலவறையில். புதிதாக வந்த பாதிரியாருக்கு அமைதி பிடிக்கும். அங்கே மழலையர் பள்ளி தொடங்கப் போகிறோம், கோடை முடிவதற்குள் காலி செய்துவிடுங்கள் என்றார். வேறு இடம் கிடைக்காவிட்டால் பேண்டைக் கலைத்துவிட வேண்டியதுதான். அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருக்கோடியில் மூடிக் கிடந்த பழைய தீயணைப்பு நிலையத்தை ஏதாவது ஒரு சமூகத்துக்குக் கொடுக்க நகராட்சி முடிவு செய்தது. எங்கள் சங்கம் கேட்டது. பக்கத்துத் தெருச் சீனக் குடும்பங்களின் சங்கமும் கேட்டது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு ஆராய்ச்சி செய்யச் சொன்னார்கள். பனாமாவிலிருந்து வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள், ஆசியாவிலிருந்து வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து ஒப்பிட வேண்டுமாம்.

செய்தி வந்த அன்றே அக்கா கட்டடத்திலிருந்த எங்கள் ஆட்களைத் தன் வீட்டில் கூட்டினாள்.

"இது போட்டி. நமக்கும் அவங்களுக்கும். யாரு ஒசத்தின்னு பாத்து, ஒசத்தியானவங்களுக்குக் குடுக்கப் போறாங்க" என்றாள்.

எனக்கு எங்கேயோ இடித்தது. "அக்கா, இந்த ஊர்ல இல்லாதப்பட்டவங்களுக்குத்தானே எதையும் குடுப்பாங்க? எதுக்கும் அந்த ஆராய்ச்சிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுரலாமே."

"கேக்குறதா?" அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பரீட்சை நடத்த வந்த வாத்தியார்கிட்டப் போய், எதுக்கு மார்க்கு போடுவீங்கன்னு கேப்பியாடி டெல்மிரா? நீ கேப்ப. வாழைத்தோட்டத்துக்காரிதானே."

நான் பிறந்தது போகாஸ் பக்கம், வாழைத்தோட்டம் சூழ்ந்த ஊர். கோலோன்காரர்களுக்கு அது ஊரே இல்லை. லாய்டு என் பக்கம் பேசுவார் என்று பார்த்தேன். அவர் அப்போதே ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

அடுத்த வாரம் முழுக்க நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். சவ அடக்கம் செய்யும் கடைக்காரரிடமிருந்து வெல்வெட் சோபா வந்தது. இரவல் என்று சொல்லக் கூடாது, "கொஞ்ச நாள் இருக்கட்டும்னு குடுத்தார்" என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் சுரங்க ரயில் பெட்டிகளைக் கூட்டிப் பெருக்கியவர். அவர் இனிமேல் போக்குவரத்துத் துறையில் மேல்நிலைப் பொறுப்பு வகித்தவர். மேல்நிலை என்பதும் பொய்யில்லையாம், பெட்டியின் கூரையையும் அவர்தானே துடைத்தார். மூன்றாம் மாடி கிரிசல் அம்மாளிடம் அவள் பாட்டி காலத்து வெள்ளித் தேநீர் செட் ஒன்று இருந்தது. கட்டடத்திலேயே அது ஒன்றுதான் உருப்படியான பொருள்.

"ஒரு வீட்ல மட்டும் வெள்ளி இருந்தா ஒரு வீடு மட்டும்தான் ஒசத்தி" என்றாள் அக்கா. "எல்லா வீட்லயும் இருக்கணும்."

ஆராய்ச்சிக்கு வந்தவர் டாக்டர் வெக்ஸ்லர் என்ற தாடி வைத்த பையன். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. வாசல் வழியாக அவன் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவான். அதற்குள் கட்டடத்தின் பின்பக்க இரும்பு ஏணி வழியாக லாய்டு அந்தத் தேநீர் செட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று குப்பை போடக்கூட இறங்காத மனிதர், அன்றைக்கு மூன்று மாடி ஏறி இறங்கினார். ஆறு வீட்டிலும் அந்தப் பையன் அதே குவளையில் தேநீர் குடித்தான். நாலாவது வீட்டில் குவளை இன்னும் சூடாக இருப்பதைப் பார்த்து, "வரப் போறேன்னு தெரிஞ்சு முன்கூட்டியே சூடு பண்ணி வெச்சிருக்கீங்களா?" என்று ஆச்சரியப்பட்டானாம். "எங்க ஆளுங்க வழக்கம் அது" என்று வீடு வீடாகக் கூடவே போன அக்கா சொல்லியிருக்கிறாள்.

பாவம், ஆறாவது வீட்டில் அவனுக்கு அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. அது எக்பர்ட் தோர்ன் வீடு. அங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. எக்பர்ட் எண்பதைத் தாண்டிய மனிதர், கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கட்டணம் கட்டாததால் அவர் வீட்டு கேஸை வெட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தகர டப்பாவில் இருப்பதை அப்படியே ஸ்பூனால் தின்றுகொண்டிருந்தார். எங்களுக்கு அது தெரியும். மாறி மாறிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்போம், மீந்துபோனது என்று சொன்னால்தான் வாங்குவார்.

"குளிர்காலத்துல வீடு போதுமான சூடா இருக்குங்களா?" என்று பையன் கேட்டான்.

எக்பர்ட் கழுத்துப்பட்டியைச் சரி செய்துகொண்டார். "எனக்குக் குளிர்தான் பிடிக்கும் தம்பி. சின்ன வயசுலருந்தே."

கோலோனில் பிறந்த மனிதர். அந்த ஊரில் குளிர் என்பதை ஐஸ் வண்டியில்தான் பார்க்க முடியும். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் காலை மிதித்தாள், செருப்புக் குதிகாலால்.

பக்கத்துத் தெருவில் என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சங்கத்தில் எல்லாமே ஃபாங் அம்மாதான். எங்கள் பேண்டு சீருடைகள் அத்தனையும் அவளுடைய சலவைக் கடையில்தான் வெளுக்கும். கடை அவளுடையது, கடைக்கு மேலிருக்கும் கட்டடம் அவளுடையது, எதிர்ச்சாரியில் இன்னொன்றும் அவளுடையது என்று பேச்சு. ஆனால் கோட்டு முழங்கையில் ஒட்டுப் போட்டிருப்பாள். டாக்டர் வெக்ஸ்லர் வாசலில் வந்து நின்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"இது எதுக்கு?"

அவ்வளவுதான். அவனும் படித்த பையன், கேட்டால் பதில் சொல்லிவிடுவான். எந்தச் சமூகத்துக்குத் தேவை அதிகமோ அதற்கு இடம் என்று சொல்லியிருக்கிறான். உடனே ஃபாங் அம்மா தன் வீட்டு வாசலைச் சாத்திக்கொண்டு, அவனைக் கீழே நிலவறைக்கு அழைத்துப்போனாள். அங்கே உணவு விடுதிகளில் பாத்திரம் கழுவுகிறவர்கள், சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள், ரயில் பெர்த் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் பலகை அடித்துப் படுத்திருந்தார்கள். பேரனின் கல்லூரிப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தாள் என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் பொருமுவார்கள். கழற்றியிருக்கலாம். ஆனால் அந்தப் பலகைகளில் படுத்திருந்தவர்களை அவள் எங்கிருந்தும் இரவல் வாங்கி வரவில்லை.

முடிவு சொல்லும் கூட்டம் பள்ளி அரங்கத்தில் நடந்தது. அக்கா ஊதா நிறத் தொப்பி போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பின்னால் பேண்டுப் பிள்ளைகள், சீருடையில். நகராட்சி அம்மாள் ஒருத்தி வாசித்தாள். படிப்பு: பனாமாக்காரர்கள் முன்னால். ஆங்கிலம்: பனாமாக்காரர்கள் மிகவும் முன்னால். வீட்டு வசதி: பனாமாக்காரர்கள் வியக்கத்தக்க அளவில் முன்னால். அவர்களின் விருந்தோம்பல் மரபில் வெள்ளிப் பாத்திரங்களுக்குத் தனி இடம் உண்டு என்றுகூட அந்தப் பையன் எழுதியிருந்தான். ஒவ்வொரு வரிக்கும் நாங்கள் கைதட்டினோம். அக்கா எழுந்து நின்று சபைக்குத் தலை வணங்கினாள்.

"ஆகவே, தேவை அதிகமுள்ள ஆசியச் சமூகத்துக்கு இந்தக் கட்டடம் வழங்கப்படுகிறது" என்று வாசித்து முடித்தாள் அந்த அம்மாள்.

எங்கள் வரிசை அதற்கும் கைதட்டியது. கைகள் பழகிவிட்டன, நிறுத்தத் தெரியவில்லை. சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் லாய்டு மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா உட்காரவில்லை. மேடைக்குப் போய் எங்கள் சங்கத்துக்கென்று வைத்திருந்த பாராட்டுப் பலகையை வாங்கிக்கொண்டாள். 'சிறந்த முன்னேற்றம் கண்ட சமூகம்' என்று போட்டிருந்தது. ஃபாங் அம்மாவுக்குப் பலகை கிடைக்கவில்லை, சாவி கிடைத்தது.

முறையிட விரும்பினால் இரண்டு வாரத்துக்குள் வந்து சொல்லலாம் என்று அந்த நகராட்சி அம்மாளே எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை.

"போய்ச் சொல்லிருவோம் அக்கா. எக்பர்ட் நிலைமையைச் சொல்லுவோம். சோபா இரவல்னு சொல்லுவோம். பேண்டு போயிருமே."

"போய் என்னன்னு சொல்றது? நாங்க பிச்சைக்காரங்க, தெரியாம நல்லா உடுத்திட்டோம்னா?"

"தேவையிருக்குன்னு சொல்றது. அவ்ளோதான்."

"எனக்கு ஒண்ணும் தேவையில்லை" என்றாள். அவள் புருஷன் கேட்ட அதே வாக்கியமாகத்தான் இருக்கும்.

இரண்டு வாரம் போனது. கோவிலிலிருந்து டிரம்களை அள்ளிக்கொண்டு வந்தோம். எங்கே வைப்பது? அக்கா வீட்டில் அந்தச் சவக்கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளாத சோபா. ஆகவே என் வீட்டில். குளியல்தொட்டிக்குள் சின்ன டிரம்கள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பெரிய டிரம். ராத்திரி லாய்டு புரண்டு படுத்தால் ஊர்வலம் புறப்பட்டது போலச் சத்தம். பிள்ளைகள் முதலில் தினமும் வந்து கேட்டன. அப்புறம் வாரம் ஒருமுறை. அப்புறம் ஒரு பிள்ளை கால்பந்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம், அடுத்த வாரம் இன்னும் மூன்று.  இடம் வாடகைக்குக் கிடைக்குமா என்று அக்கா எங்கேயும் போய் விசாரிக்கவில்லை. மாடியில் அவள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்கும், இடம் வலம், இடம் வலம் என்று. நான் கீழே படுத்துக்கொண்டு அவளைத் திட்டுவேன், கொஞ்சம் அழுவேன், மறுபடி திட்டுவேன்.

செப்டம்பரில் தீயணைப்பு நிலையத்தைத் திறந்தார்கள். அக்காவுக்கு அழைப்பு வந்தது. போகாமல் இருக்க மாட்டாள், தோற்றவள் போகாமல் இருந்தால் தோற்றது தெரிந்துவிடுமே. தேங்காய்ப்பால் ஊற்றி, துவரை போட்டு, ஒரு கல்யாணத்துக்குக் காணும் அளவு சோறு ஆக்கினாள். அந்தப் பானையை நானும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு போனோம். தீயணைப்பு வண்டி நின்ற அந்தக் கூடம் எவ்வளவு பெரியது! உயரமான கூரை, சிமெண்டுத் தரை. அக்கா உள்ளே காலடி வைத்ததும் நாக்கால் ஒரு தட்டுத் தட்டினாள். எதிரொலி எப்படி என்று பார்த்திருக்கிறாள், என்னிடம் மறைக்க முடியுமா.

ஃபாங் அம்மா அதே ஒட்டுப் போட்ட கோட்டில் வந்தாள். பானையைத் திறந்து மோந்து பார்த்தாள். நன்றி சொன்னாள். பிறகு, "இந்த வருஷம் யூனிஃபார்ம் ஒண்ணுகூட வெளுக்க வரலையே ஆர்ச்சிபோல்டம்மா. பேண்டு என்னாச்சு?" என்றாள்.

"பேண்டுக்கென்ன? ஜோரா இருக்கு" என்றாள் அக்கா.

என்னால் முடியவில்லை. "எங்க ஜோரா இருக்கு? என் குளியல்தொட்டியில இருக்கு! நான் குளிச்சு ரெண்டு மாசமாச்சு!" என்று கத்திவிட்டேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிரொலி உண்மையிலேயே அபாரம்.

ஃபாங் அம்மா என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினாள். "உங்கள கேக்கலம்மா. அவங்கள கேக்குறேன்." அக்காவின் முன்னால் வந்து நின்றாள், அவள் தோள்வரைதான் இருப்பாள். "இடம் வேணுமா? வேணும்னா வேணும்னு சொல்லுங்க. கேக்காதவங்களுக்கு நான் எதையும் குடுக்குறதில்ல. வேற வேலை கெடக்கு."

 அக்கா தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஊதாத் தொப்பிக்குக் கீழே அந்த முகத்தில், முதலாவதாக வந்த பிள்ளையைக் காணோம். எங்கோ வழிதவறி வந்துவிட்ட ஒரு வயதான பொம்பளைதான் தெரிந்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. வெளியே தெருவில் அவளுடைய பேண்டுப் பையன் ஒருவன் பந்தை உதைத்துக்கொண்டு போனான். அக்கா அவனையே பார்த்தாள்.

"வேணும்" என்றாள்.

காதில் விழுந்தும் விழாததுமாக மெல்லச் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டாள். அறுபத்தெட்டு வயதில், என் காதால் கேட்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது வருடச் சண்டையை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன், அவசரப்பட்டு.

ஃபாங் அம்மா தலையாட்டினாள். "சனிக்கிழமை காலையில வெச்சுக்கங்க. எங்க சங்கத்து ஆளுக்கு இலவசம், வெளியாளுக்கு வாடகை. வசதியில்லாதவங்களுக்குப் பாதி வாடகை. உங்களுக்குப் பாதி போட்டுக்கிறேன்."

அக்காவின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். ஓடிப்போய் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பானை கையில் இருந்தது.

"யாருக்கு வசதியில்ல?" என்றாள் அக்கா. "முழுசாவே குடுக்குறோம். மூணு மாசம் முன்பணமா."

ஃபாங் அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவள் உடனே கையை நீட்டிக் குலுக்கிக்கொண்டாள், அவள் மேல் என்ன தப்பு?

அக்டோபரில் பேண்டு ஊர்வலத்தில் போனது. கால்பந்துக்குப் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் தரும் சந்தா பாதி வாடகைக்குச் சரியாகப் போய்விடுகிறது. மீதிப் பாதி அக்காவின் கௌரவம். அதைக் கட்டுவதற்காக நான் வெள்ளிக்கிழமை தோறும் எம்பனாடாவுக்கு மாவு பிசைந்து, கறி வைத்து, பொரித்து விற்கிறேன். அக்காவைக் கடையில் உட்கார வைப்பதில்லை. தர வேண்டிய காசில் சில்லறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடுகிறாள் என்று நான்தான் அவளை எழுப்பிவிட்டேன்.